ஆளுக்கு ஒரு பிடி

என் தங்கைக்குக் கணக்கு வராது. நான் கணக்கு டீச்சர். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லிச் சிரிக்காதவர்கள் எங்கள் எஸ்டேட்டில் கிடையாது. அவளும் சேர்ந்து சிரிப்பாள். "எனக்கும் சேத்து அக்கா படிச்சிட்டா, அவளுக்கும் சேத்து நான் கொழுந்து எடுக்கேன், சரியாப் போச்சுல்லா" என்பாள். என்னைவிட மூன்று வயது சிறியவள். எதுவும் அவளுக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் பிடிபடும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. இருபத்தைந்து வரைக்கும் எண்ணத் தெரியும். அதற்கு மேல் எண்ண அவளுக்குத் தேவை வந்ததில்லை.

சூரியநெல்லிக்கு மேலே இருக்கும் எஸ்டேட் அது. அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்து எங்களை வளர்த்தாள். நான் படித்து முடித்து, நெடுங்கண்டத்தில் தமிழ் மீடியம் பிரிவு உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனேன். நடுவில் ஒரு கல்யாணமும் நடந்து, இரண்டு வருஷத்தில் அது இல்லை என்றும் ஆயிற்று. அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவள் இடத்தில் தங்கை பேர் பதிந்தாள். வீட்டில் ஒருவராவது எஸ்டேட் வேலையில் இருந்தால்தான் அந்த லயத்து வீட்டில் இருக்கலாம். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நான்காவது வீட்டில் 'சேசுவே' என்பார்கள்.

சாயங்காலம் வேலை முடிந்து அவள் வருவதை வளைவில் திரும்புவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். "இருபத்திரெண்டு!" என்று கத்திக்கொண்டே வருவாள். அன்றைக்கு எத்தனை கிலோ கொழுந்து எடுத்தாளோ அது. ஒரு நாளைக்கு இருபத்தொன்று எடுத்தால் வேலை நிறைவு. அவள் இருபத்தொன்றோ இருபத்திரண்டோ, ரொம்பப் பெருமைப்படும் நாளில் இருபத்துமூன்றோ எடுப்பாள். அதை அம்மாவிடம் சொல்வாள், பக்கத்து வீட்டில் சொல்வாள், கோழிக்குச் சொல்வாள், சுவரில் இருக்கும் மாதா படத்துக்குச் சொல்வாள். கொழுக்குமலைக்கு ஜீப்பில் போகும் சுற்றுலாக்காரர்கள் வழியில் நிறுத்திப் போட்டோ எடுத்தால் அவர்களிடமும் சொல்வாள். பெங்களூரிலிருந்து வந்தவர்களுக்கு இருபத்திரண்டு என்றால் என்ன தெரியும்? ஆனாலும் கை தட்டிவிட்டுப் போவார்கள்.

ஒருமுறை என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர் வீட்டுக்கு வந்து இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துவிட்டு, திரும்பிப் போகும்போது பஸ்ஸில் சொன்னார். "உங்க தங்கச்சி குடுத்து வச்சவங்க டீச்சர். விவரம் தெரியாது, அதனால சந்தோஷமா இருக்காங்க. நமக்கு எல்லாம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம், நிம்மதியாத் தூங்கக்கூட முடியலை." நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கும் அப்போது அதுதான் எண்ணம். என் சந்தோஷக் குறைவுக்கு என் அறிவுதான் காரணம் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. முகம் கோணலாக இருப்பதற்குக் கண்ணாடியைக் குறை சொல்கிற மாதிரி. இன்றைக்கு யாராவது என்னிடம் அந்தப் பேச்சை எடுத்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

கொழுந்து எடுக்கும் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது வயிற்றில் பிள்ளை இருந்தால், காய்ச்சலோடு வேலைக்கு வந்திருந்தால், வீட்டில் சாவு விழுந்து கை ஓடாமல் நின்றால், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தை அவளுடைய கொழுந்து மூட்டையில், அதைக் கட்டு என்பார்கள், போடுவார்கள். கேட்டு வாங்குவதில்லை, நன்றி சொல்வதும் இல்லை. அடுத்து இன்னொருத்திக்கு முடியாமல் போகும்போது இவள் போடுவாள். இப்போது ஜார்கண்டிலிருந்து வந்து வேலை செய்யும் பெண்களுக்குத் தமிழில் பத்து வார்த்தை தெரியாது. ஆனால் பிடி போட வேண்டும் என்பது வந்த முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது.

இந்தப் பிடி போடுவதில் என் தங்கையை மிஞ்ச ஆளில்லை. யாருக்காவது தலைவலி என்றால் போதும், ஓடிப் போய் இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டுவிடுவாள். "எனக்கு மிச்சம் கெடக்கு, நீ வச்சுக்க" என்பாள். அம்மா அதைக் கேட்டுவிட்டு ஒருமாதிரி சிரிப்பாள். அம்மாவின் அந்தச் சிரிப்புக்கு எனக்கு அர்த்தம் தெரிந்தது அம்மா செத்த பிறகு.

அம்மா ஒரு மார்ச் மாதம் இறந்தாள். மூச்சுத் திணறல் என்று அடிமாலி ஆசுபத்திரிக்குக் கொண்டு போனோம், நாலாம் நாள் திரும்பக் கொண்டு வந்தோம். தங்கை ஒரு வாரம் அழுதாள், ஊரே கேட்கிற மாதிரி அழுதாள். பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் எழுந்து, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். படங்கு என்பது செடியின் ஈரம் உடம்பில் படாமல் கட்டிக்கொள்ளும் தார்ப்பாய்த் துண்டு. அன்று சாயங்காலம் வளைவில் "இருபத்தொண்ணு!" என்ற சத்தம் கேட்டது. வீட்டுக்குள் வந்து, அம்மாவின் போட்டோவைப் பார்த்து இன்னொரு முறை சொன்னாள். என்னிடமும் சொன்னாள். எனக்குத் திகைப்பாக இருந்தது. அதற்குள்ளாகவா என்று கேட்டேன். என்ன அதற்குள்ளாக என்று அவளுக்குப் புரியவில்லை.

பள்ளிக்கூட லீவு தொடங்கியதும் நான் அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்கு வந்து, அப்படியே மே மாதம் முழுக்க லயத்தில் தங்கிவிட்டேன். அவளைத் தனியாக விடக் கூடாது என்பது நான் எல்லோரிடமும் சொன்ன காரணம். நெடுங்கண்டத்தில் என் வீட்டுக்குள் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை. அம்மாவை இன்னும் கொஞ்சம் முன்னால் மதுரைக்குக் கொண்டு போயிருக்கலாமா, வாரம் ஒருமுறை வந்து பார்த்திருக்கலாமா என்று மனசு போட்டு அரைத்துக்கொண்டே இருந்தது. நான் எல்லாம் யோசிக்கிறவள். யோசித்து யோசித்துச் சோறு இறங்கவில்லை. பக்கத்தில் அவள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு, வாய்க்குள்ளே மாதா பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சாப்பிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறாமை என்று இப்போது பெயர் வைக்கிறேன். அப்போது அதற்குத் துக்கம் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஒரு நாள் அவள் சோற்றுப் பாத்திரத்தை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு தேயிலைக் காட்டுக்குப் போனேன். கோடை மழை பெய்து செடியெல்லாம் தளிர்த்துக் கிடந்தது. பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தங்கை எல்லோருக்கும் தண்ணீர் பிடித்துவர ஓடைக்குப் போயிருந்தாள். நான் மேல் வழியில் நின்று பார்க்கிறேன், ஒருத்தி எழுந்து தன் கட்டிலிருந்து கொழுந்தை அள்ளி இன்னொரு கட்டுக்குள் போட்டாள். அடுத்தவள் எழுந்தாள். அப்புறம் ஜார்கண்ட்காரப் பெண் ஒருத்தி. ஒவ்வொருத்தியும் போட்டுவிட்டு, அள்ளிப் போட்டது தெரியாமல் மேலே கையால் நீவிவிட்டுப் போனாள். கடைசியாகக் கங்காணி அம்மாள், எங்களுக்கு அடுத்த வீட்டுச் சித்தி, கட்டைத் தூக்கிப் பார்த்து எடையைக் கையாலேயே கணித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சைகை காட்டினாள். அது என் தங்கையின் கட்டு. அதற்குள் ஓடைப் பக்கம் அவள் பாட்டுச் சத்தம் கேட்டது. எல்லோரும் ஒன்றும் அறியாதவர்கள் போலச் சோற்றில் கை வைத்துக்கொண்டார்கள்.

சித்தியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஒங்கம்மா கேட்டுக்கிட்டதுட்டி" என்றாள். "அவ வேலைய விட்ட அன்னிக்கே வந்து சொல்லிட்டா. எம் மவளால பன்னெண்டு, பதிமூணுதான் எடுக்க முடியும், நீங்கதான் பாத்துக்கணும்னு. பன்னெண்டு வருசமாப் போடுதோம். ஒனக்குத் தெரியாதா? ஒனக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

"அவளுக்கு?"

"அவளுக்கு எதுக்கு? நீ வாயத் தெறந்துறாத, என்ன?"

எனக்குத் தெரியாது என்பதுதான் முதலில் உறைத்தது. அம்மா என்னிடம் சொல்லவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களிடம் சொன்னவள், பெற்ற மகள், படித்த மகள், என்னிடம் மறைத்திருக்கிறாள். என் வாயைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா!

இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். சாயங்காலம் அவள் கத்திக்கொண்டு வரும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருக்கும். தப்பாகப் போட்ட கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளை துள்ளுவதைப் பார்க்கிற டீச்சரின் எரிச்சல் அது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவின் சேலைகளைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன். தங்கை வேலையிலிருந்து வந்து, டீ போட்டு எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலைகளையெல்லாம் தன்னோடு வேலை செய்யும் பெண்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். யாருக்கு எந்தச் சேலை என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தாள். நான் ஒன்றையும் கொடுக்க மாட்டேன் என்றேன். அம்மா கட்டிய சேலையை ஊருக்கெல்லாம் பங்கு வைப்பதா என்று கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நீ கோவப்படாதக்கா. அம்மாவ வச்சுப் பாத்தது நாந்தான? எங் கொழுந்துலதான இந்த வீடு நிக்கிது. நீ லீவுக்கு வருவ, அம்மா கையால மீன் கொழம்பு தின்னுட்டுப் போவ. அதான் நாஞ் சொல்லுதேன், குடுத்துருவோம்."

அதில் விஷம் ஒன்றும் இல்லை. குத்திக் காட்டத் தெரியாதவள். நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு மாதமாக நான் எனக்குள்ளே சொல்லிச் சொல்லித் தேய்ந்துகொண்டிருந்த வார்த்தையை அவள் டீ குடித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"எங் கொழுந்து, எங் கொழுந்துங்கியே" என்றேன். "ஒங் கட்டுல பாதி ஒன்னோடது இல்லட்டி. ஆளுக்கு ஒரு பிடி போட்டுத்தான் ஒனக்கு இருபத்தொண்ணு வருது. நீ தண்ணி எடுக்கப் போனதும் எல்லாரும் அள்ளிப் போடுதாங்க. நான் கண்ணால பாத்தேன்."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "யாரு போட்டா?"

"எல்லாரும்."

"சித்தியுமா?"

"எல்லாரும்னா எல்லாரும்தான்."

"அம்மாவுக்குத் தெரியுமாக்கா?"

"அம்மாதான் போடச் சொல்லிக் கேட்டுக்கிட்டதே."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. மிச்ச டீயைக் குடித்தாள், தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. கணக்கை முடித்து அடியில் இரண்டு கோடு போட்டது போல. அந்த நிம்மதி கால் மணி நேரம் இருந்திருக்கும். ஒரு மனுஷியிடம் உண்மையைச் சொல்வது அவளை மதிப்பதாகும், அவளைக் குழந்தையாகவே வைத்திருப்பதுதான் அவமானம் என்றெல்லாம் பிறகு எனக்கு நானே எடுத்துச் சொல்லிக்கொண்டேன். எல்லாம் நல்ல நியாயங்கள்தான். அவற்றில் ஒன்றுகூட அந்தச் சாயங்காலம் என் மனசில் இல்லை. என்னைச் சுட்டதற்குத் திருப்பிச் சுட்டேன்.

இருட்டுவதற்கு முன்னால் உள்ளே வந்து ஒன்று கேட்டாள். போன மழைக்கு வயிற்றுப் பிள்ளையோடு வேலைக்கு வந்த ஒருத்திக்கு இவள் தினமும் பிடி போட்டாளாம். "அதுவும் என்னோடது இல்லையாக்கா?" நான் மடித்த சேலையையே திரும்ப மடித்தேன். அவள் அந்தப் பெண் இருக்கும் லயத்துக்குப் போனாள். என்ன கேட்டாள் என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. கைக்குழந்தையோடு வந்து கதவைத் திறந்த பெண்ணிடம், "நாம் போட்டது என்னோட கொழுந்து இல்லன்னு ஒனக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் என்ன செய்வாள்? கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியும்க்கா, ஆனா நீ போட்டப்ப எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு" என்று அழுதிருக்கிறாள். இவள் கையை விடுவித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

வந்து படங்கை மடித்துக்கொண்டே சொன்னாள், "எல்லாத்துக்கும் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியாது."

திங்கட்கிழமை அவள் யாரையும் தன் கட்டின் பக்கம் அண்டவிடவில்லை. சாப்பிடும்போது கட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டாளாம். தண்ணீர் எடுக்கவும் போகவில்லை. நிறுவையில் பதினொன்று வந்தது. எடை பார்க்கும் பையன் பதறிப் போய், மெஷின் கோளாறு, இன்னொரு தடவை வைக்கலாம் என்றிருக்கிறான். "மெஷின் சரியாத்தான் இருக்கு, எழுதிக்கோ தம்பி" என்றாளாம். அன்றைக்கு வளைவில் சத்தம் கேட்கவில்லை. நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைக் கடந்து உள்ளே போய்க் கை கால் கழுவினாள். மாதா படத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அன்றைக்கே சித்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. முற்றத்தில் நின்றபடியே சித்தி பேசினாள்.

"நீ படிச்சவதானட்டி. எல்லாக் கணக்கும் போடுவியே, அவ ஒரு நாள் சிரிப்பு எத்தன கிலோன்னு போட்டுப் பாத்தியா?"

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். உண்மை, மரியாதை என்று ஏதோ.

"பேசாத" என்றாள் சித்தி. "எனக்கு முட்டி தேஞ்சு போச்சு. மவன் வேலைக்குப் போவாம கெடக்கான். மழை பெஞ்சா அடுப்புக்கு மேலயே ஒழுவுது. சாயங்காலம் அவ கத்திக்கிட்டுப் போவால்லா, அதக் கேட்டாத்தான் எனக்கு அன்னிக்குப் பொழுது போன மாதிரி இருக்கும். அவளுக்கு மட்டும் போட்டோம்னா நெனச்ச? எங்களுக்குந்தான் போட்டுக்கிட்டோம்."

சித்திக்கு வாழ்க்கை என்றால் என்ன என்று என்னைவிட நன்றாகவே தெரியும். அங்கே நின்ற ஒருத்திக்கும் தெரியாமல் இல்லை. வறட்சி மாதத்தில் தங்களுக்கே இருபத்தொன்று எட்டாதபோதும் பிடி போட்டவர்கள் அவர்கள். எல்லாம் தெரிந்தும் ஒரு நாளில் கொஞ்ச நேரமாவது சந்தோஷமாக இருக்க அவர்களுக்கு வழி தெரிந்திருந்தது. விவரம் தெரியாததால் சிரிக்கிறாள் என்று நான் பஸ்ஸில் தலையாட்டினேனே, அதைவிட மட்டமான பேச்சு உண்டா? தங்கை சந்தோஷமாக இருந்தது விவரம் தெரியாததால் அல்ல. தன்னால் நாலு பேருக்குக் கொடுக்க முடிகிறது என்று நம்பியதால். அந்த நம்பிக்கையின் அடியில் இருந்தது பொய் என்று நான் கண்டுபிடித்தேன். பொய் மட்டுமா இருந்தது? அதை யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை.

தங்கை அதோடு விட்டுவிடவில்லை. தன்னாலேயே இருபத்தொன்று எடுத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினாள். மற்றவர்கள் வருவதற்கு முன்னாலேயே போனாள். ஆனை நிற்கிறது, விடியாமல் வராதீர்கள் என்று போனில் செய்தி வரும் ஊர் அது. கேட்கவில்லை. விரல் நுனியெல்லாம் வெடித்து, துணியைச் சுற்றிக்கொண்டு எடுத்தாள். பதினான்கு வந்தது. ஒரு நாள் பதினைந்து. அதற்கு மேல் ஏறவில்லை. பிறகு முற்றிய இலையையும் சேர்த்துப் பறிக்கத் தொடங்கினாள். முற்றிய இலை எடைக்கு நிற்கும், டீத்தூளுக்கு ஆகாது. இத்தனை வருஷத்தில் அவள் கட்டில் அப்படி ஒரு இலை கிடந்ததில்லை. நிறுவைக்காரர்கள் கட்டைப் பிரித்து, முற்றல் எல்லாம் ஒதுக்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் திரும்ப நிறுத்தார்கள். அத்தனை பேர் நடுவில் அவள் குனிந்து, ஒதுக்கிய இலையைக் கை கையாக அள்ளி ஓரமாகப் போட்டாளாம். பெண்கள் எல்லோரும் திரும்பி நின்றுகொண்டார்களாம், பார்க்க முடியாமல்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் நான் நெடுங்கண்டத்துக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பூப்பாறை வழியாகப் பஸ் பிடித்து வந்தேன். அம்மா இருந்தபோது வராத சனிக்கிழமைகளுக்கும் சேர்த்து வந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை அவளை உட்கார வைத்து, அவர்கள் போட்டால் வாங்கிக்கொள்ளேன், முடியாதவர்களுக்குப் போடுவது வழக்கம்தானே என்றேன்.

"முடியாதவங்களுக்குப் போடுவாங்க. அவங்களுக்குச் சரியானதும் அவங்களும் போடுவாங்க" என்றாள். "எனக்கு என்னிக்குக்கா சரியாவும்?"

அவளுக்குப் புத்தி மட்டு என்று சொன்னவர்கள் எல்லாம் வந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

மழைக்காலம் முடியும்போது அவள் வேலையை விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. வேறு லேசான வேலை பார்த்துத் தருகிறோம் என்றுகூடச் சொன்னார்கள். அவள், "சும்மா தர்ற வேல வேண்டாம்" என்றுவிட்டாள். கடிதத்தை நான் எழுதினேன், அவள் தன் பெயரை எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். அம்மா குடி வந்து, நாங்கள் பிறந்து, அப்பாவும் அம்மாவும் பிணமாகக் கிடந்த வீட்டை ஒரு செவ்வாய்க்கிழமை காலி செய்து கொடுத்தோம். ஜீப்பில் சாமான் ஏற்றும்போது பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வந்தார்கள். ஒவ்வொருத்தியும் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் எல்லோரிடமும் ஒரே மாதிரி, "வாரேன்" என்றாள். என்னை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அம்மாவின் சேலைகளை நானே அவர்களிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். அதுவும் அம்மாவுக்காக.

இப்போது என்னோடு இருக்கிறாள். மூன்று வருஷம் ஆகிறது. சமைக்கிறாள், துவைக்கிறாள், வாசலில் இரண்டு மிளகுக் கொடி வைத்திருக்கிறாள். அவளை அறியாதவர்கள் பார்த்தால் அமைதியான பெண் என்பார்கள். மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னால் என் முகத்தையே பார்க்கிறாள். நிஜமாகவே நன்றாக இருந்து, இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டாலும் பார்க்கிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடி வந்து மடியில் உட்கார்ந்தால், அதை யாராவது சொல்லி அனுப்பினார்களா என்று வாசல் பக்கம் எட்டிப் பார்க்கிறாள். ஒரு வேலை சொன்னால், "இது நெசமாவே செய்யணுமா, இல்ல என்ன சும்மா இருக்க விடக் கூடாதுன்னு சொல்லுதியா?" என்று கேட்கிறாள். கோபமாகக் கேட்பதில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறாள். உண்மை தெரிந்தவர்கள் எப்படி வாழ வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்கே தெரியாது. பாதிப் பாடத்தை நடத்திவிட்டுப் புத்தகத்தை மூடிய டீச்சர் நான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"யக்கா, ஒண்ணு கேக்கட்டா? அம்மாவுக்கு என்மேல பிரியம் இருந்துச்சுல்லா."

"ஆமா."

"அது நெசமா? இல்ல, இவ பாவம்னு அப்படி இருந்தாளா?"

மூன்று வருஷமாக இந்தக் கேள்வியைத்தான் அவள் சுமந்துகொண்டு நடந்திருக்கிறாள். மீன் குழம்பிலும் மிளகுக் கொடியிலும் இதைத்தான் கேட்டிருக்கிறாள். எனக்குத்தான் அது விளங்கவில்லை. நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டேன். எங்கள் இரண்டு பேரில் அம்மாவுக்கு யார்மேல் பிரியம் அதிகம் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்துதானே நான் இப்படி ஆனேன். அதைச் சொன்னேன். "நெசம்ட்டி. என்மேல வச்சதவிட ஒம்மேல நூறு மடங்கு வச்சிருந்தா. மாதா மேல சத்தியமாச் சொல்லுதேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய உண்மையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சனிக்கிழமை ஒரே வார்த்தையில் என்னை நம்பியவள், இப்போது என் முகத்தைக் கண், வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். உண்மை எது, ஆறுதல் எது என்று பிரிக்க அவளால் முடியவில்லை.

பிறகு எழுந்து வந்து, தேங்காய்த் துருவல் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துவிட்டு, என் கண்ணைத் துடைத்தாள்.

"நம்புதேன்க்கா" என்றாள். "நீ அழாத."

சிரித்தாள்கூட. நான் சட்டென்று பார்த்துவிட்டேன். அவள் நம்பவில்லை. பிறந்ததிலிருந்து பொய் என்றால் எப்படிச் சொல்வது என்று தெரியாதவள், நான் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் முதல் பொய்யை என்னிடம்தான் சொன்னாள்.